சிஸ்டம் நேரம் கூடினால் எங்கே தேடுவது?

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரல் எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஓடும்போது, புதியவர்கள் பெரும்பாலும் நிரலின் கணக்கீட்டுப் பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். லூப்புகளைத் திருத்தி எழுதுகிறார்கள், வேறு அல்காரிதம் தேடுகிறார்கள். ஆனாலும் வேகம் கூடுவதில்லை. சிபியு அந்த நிரலின் சொந்த வரிகளில் நேரத்தைச் செலவிடாமல், அந்த நிரல் கேட்ட ஏதோ ஒன்றுக்காக, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் உழைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். அந்த உழைப்பே சிஸ்டம் நேரம். அது மிகும்போது எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை லினக்ஸை முதன்மையாகக் கொண்டும், மற்ற யுனிக்ஸ் வகைகளை வேண்டிய இடத்தில் தொட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் மூன்று எண்கள்

நிரலின் பெயருக்கு முன்னால் டைம் என்று தட்டி இயக்கினால், ஓட்டம் முடிந்ததும் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று வரிகள் வரும். ரியல் என்பது தொடக்கத்திலிருந்து முடிவு வரை கடிகாரத்தில் கழிந்த நேரம். யூசர் என்பது நிரலும் அது பயன்படுத்தும் லைப்ரரிகளும் சிபியுவில் ஓடிய நேரம். சிஸ் என்பது அந்த நிரலுக்காகக் கர்னல் சிபியுவில் ஓடிய நேரம். எடுத்துக்காட்டாக ரியல் 40 வினாடி, யூசர் 3 வினாடி, சிஸ் 36 வினாடி என்று வந்தால், நிரலின் கணக்கீட்டை எவ்வளவு செதுக்கினாலும் மிச்சமாகக்கூடியது அந்த 3 வினாடிக்குள்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. வட்டிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ தரவு வருவதற்காக நிரல் காத்திருக்கும் நேரம் சிஸ்டம் நேரத்தில் சேராது. அப்போது அந்த நிரல் கர்னலுக்குள் உறங்குகிறது. சிபியு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. ஆகவே ரியல் 40, யூசர் 3, சிஸ் 1 என்று வந்தால் அது காத்திருப்பின் சிக்கல். அதற்குத் தேட வேண்டிய இடம் வேறு. பல திரெட்டுகளோடு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் நிரலில் யூசரும் சிஸ்ஸும் சேர்ந்து ரியலைவிடப் பெரிதாக வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். எட்டு கோர்களில் (சிபியுவுக்குள் தனித்தனியே இயங்கும் செயலகங்கள்) 10 வினாடி ஓடிய நிரலுக்கு 80 வினாடி வரை கணக்கில் ஏறுவது இயல்பே.

எவ்வளவு இருந்தால் மிகை என்பதற்குப் பொதுவான எல்லைக்கோடு கிடையாது. கணக்கீட்டையே தொழிலாகக் கொண்ட நிரலில் மொத்தச் சிபியு நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிஸ்டம் நேரம் இருந்தால் பார்க்கத்தக்கது என்பது என் கருத்து. கோப்புகளைப் படியெடுக்கும் நிரலில் பெரும்பகுதி சிஸ்டம் நேரமாகவே இருப்பதில் குறையொன்றும் இல்லை.

எந்த பிராசஸ் என்று உறுதிசெய்தல்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே பிராசஸ் என்கிறோம். நிற்காமல் ஓடும் சர்வர் நிரலை டைம் கொண்டு அளக்க முடியாது. ஓடும் பிராசஸுகளை உடனுக்குடன் பட்டியலிடும் டாப் கட்டளையின் சிபியு வரியில் யூஎஸ் என்பது பயனர் பங்கு, எஸ்ஒய் என்பது சிஸ்டம் பங்கு; எச்ஐ, எஸ்ஐ என்ற இரண்டும் இன்டரப்ட்டுகளுக்கு (வன்பொருள் முதலியவை சிபியுவை இடைமறிக்கும் குறிகள்) செலவான பங்குகள்; டபிள்யூஏ என்பது வட்டுக்கான காத்திருப்பில் சும்மா இருந்த பங்கு. டாப் ஓடும்போது 1 என்ற எண்ணை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனி வரியாக விரியும். பதினாறு கோர்களில் ஒன்று மட்டும் முழுதும் சிஸ்டம் நேரத்தில் மூழ்கியிருந்தால், மொத்தச் சராசரியில் அது ஆறு சதவீதமாகச் சுருங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் இந்த விரிவு அவசியம்.

விஎம்ஸ்டாட் கட்டளைக்கு 1 என்ற எண்ணைக் கொடுத்தால் வினாடிக்கு ஒரு வரி அச்சிடும். லினக்ஸில் முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி. அதைத் தள்ளிவிட்டு அடுத்த வரிகளைப் படியுங்கள். ஐஎன் என்ற பத்தியில் வினாடிக்கு எத்தனை இன்டரப்ட்டுகள், சிஎஸ் என்ற பத்தியில் எத்தனை கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சுகள் (சிபியு ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுதல்) என்று தெரியும். இந்த இரண்டும் நல்ல நிலையில் எவ்வளவு இருந்தன என்பதைக் கணினி சீராக இருக்கும் நாளிலேயே குறித்து வைத்திருந்தால், கெட்டுப்போன நாளில் அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

அடுத்து, சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வரும் பிட்ஸ்டாட் கட்டளை ஒவ்வொரு பிராசஸுக்கும் பயனர் பங்கையும் சிஸ்டம் பங்கையும் பிரித்துக் காட்டும். டாப் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதால், இந்த இடத்தில் பிட்ஸ்டாட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். முதலிடத்தில் நிற்கும் பெயர் பிஎஸ் பட்டியலில் சதுர அடைப்புக்குறிக்குள் காணப்பட்டால் அது கர்னலின் சொந்தத் திரெட். அதைப் பின்னால் பார்ப்போம். முதலிடத்தில் நிற்பது உங்கள் நிரலே என்றால், அடுத்த படிக்குப் போகலாம்.

எந்த வாசல் வழியாகக் கர்னலுக்குள் போகிறது

ஒரு நிரலின் கணக்கில் சிஸ்டம் நேரம் ஏறுவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, நிரல் தானே வலியச் சென்று கர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் சிஸ்டம் அழைப்பு. மற்றொன்று, நிரல் கேளாமலேயே நிகழும் பேஜ் ஃபால்ட், அதாவது நிரல் தொட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாததால் கர்னல் தலையிடுவது. முதல் வழியைத்தான் எளிதில் எண்ணிப் பார்க்க முடியும், அதனால் அதிலிருந்து தொடங்குவோம்.

லினக்ஸில் சிஸ்டம் அழைப்புகளைப் பின்தொடரும் எஸ்ட்ரேஸ் கட்டளையைச் சி என்ற ஆப்ஷனுடன் இயக்கினால், ஒவ்வொரு அழைப்பையும் அச்சிடாமல் இறுதியில் ஒரு தொகுப்பு அட்டவணையைத் தரும். எஃப் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சேய் பிராசஸுகளையும் திரெட்டுகளையும் பின்தொடரும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலாக இருந்தால் பி என்ற ஆப்ஷனும் பிராசஸ் எண்ணும் கொடுத்து ஒட்டிக்கொண்டு, பத்து வினாடி கழித்துக் கன்ட்ரோல் சி அழுத்துங்கள். ஃப்ரீபிஎஸ்டியிலும் சோலாரிஸ் வழிவந்த இயங்குதளங்களிலும் டிரஸ் என்ற கட்டளை அதே சி ஆப்ஷனுடன் இதே பணியைச் செய்கிறது. ஓபன்பிஎஸ்டியில் கேட்ரேஸ் கொண்டு பதிவுசெய்து கேடம்ப் கொண்டு படிக்கலாம். சோலாரிஸ் 10 உடன் 2005-இல் வெளிவந்த டிட்ரேஸ் என்ற தடமறியும் கருவி, பின்னர் ஃப்ரீபிஎஸ்டிக்கும் மேக் ஓஎஸ்ஸுக்கும் சென்றது. மேக்கில் அதன் மேல் எழுப்பப்பட்ட டிடிரஸ் உண்டு, ஆனால் கணினியின் ஒருமைப்பாட்டுப் பாதுகாப்பு அமைப்பு அதன் பயனைக் கட்டுப்படுத்துகிறது.

எஸ்ட்ரேஸ் குறித்து ஓர் எச்சரிக்கை. அது ஒவ்வொரு சிஸ்டம் அழைப்பின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் நிரலை நிறுத்தி வைக்கிறது. அழைப்புகள் அதிகமுள்ள நிரல் இதனால் பல மடங்கு மெதுவாகிவிடும். பயனர்கள் நம்பியிருக்கும் சர்வரில் இதை ஒட்டுவதற்கு முன் விளைவை நன்கு எண்ணிப் பாருங்கள். அங்கே பெர்ஃப் டிரேஸ் கட்டளையின் தொகுப்பு முறையோ கர்னலுக்குள்ளேயே சிறு நிரல்களை ஓட்டும் பிபிஎஃப் வசதியின் அடிப்படையிலான சிஸ்கவுன்ட் என்ற கருவியோ மிகக் குறைந்த சுமையோடு அதே எண்ணிக்கையைத் தரும். எஸ்ட்ரேஸ் தரும் எண்ணிக்கையை நம்பலாம். அது தரும் நேரத்தைத் தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

அட்டவணையைப் படிக்கும் முறை

அட்டவணையில் மூன்று பத்திகள் முக்கியம்: எத்தனை முறை அழைக்கப்பட்டது, ஒரு முறைக்கு எத்தனை மைக்ரோவினாடி, எத்தனை முறை பிழையில் முடிந்தது. மொத்தச் செலவு என்பது எண்ணிக்கையையும் ஒரு முறைக்கான விலையையும் பெருக்கி வருவது. ஆகவே, மலிவான அழைப்பு இலட்சக்கணக்கில் நடக்கிறதா, விலை கூடிய அழைப்பு சில முறை நடக்கிறதா என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வகைக்கு மருந்து அழைப்புகளைக் குறைப்பது. இரண்டாம் வகைக்கு, கர்னலிடம் கேட்கும் வேலையின் அளவையே குறைப்பது. இந்த இரண்டையும் கலந்துவிட்டு, கர்னலின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பதில் வாரங்கள் வீணாவது உண்டு.

எண்ணிக்கை வகையில் மிகப் பரவலானது, சிறு சிறு துண்டுகளாகப் படிப்பதும் எழுதுவதும். 10,485,760 பைட் உள்ள ஒரு கோப்பை ஒவ்வொரு பைட்டாக ரீட் அழைப்பால் படித்தால் ஒரு கோடிக்கு மேற்பட்ட அழைப்புகள் தேவை; 65,536 பைட் கொண்ட பஃபரில் (தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவக இடம்) படித்தால் 160 அழைப்புகள் போதும். தரவின் அளவு ஒன்றே, கர்னலுக்குள் நுழைந்து வெளியேறும் செலவுதான் வேறு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தரவைப் படியெடுக்கும் டிடி கட்டளையில் உள்ளீடாக, பூஜ்யங்களை ஓயாது தரும் டெவ் ஜீரோவையும் வெளியீடாக, எதையும் விழுங்கிவிடும் டெவ் நல்லையும் கொடுத்து, முதலில் தொகுதி அளவு 1, எண்ணிக்கை பத்து இலட்சம் என்றும், பிறகு தொகுதி அளவு பத்து இலட்சம், எண்ணிக்கை 1 என்றும் டைம் கொண்டு அளந்து பாருங்கள். இரண்டும் நகர்த்துவது அதே பத்து இலட்சம் பைட்டுகளைத்தான். சிஸ் வரியோ முற்றிலும் வேறாக இருக்கும். தொடங்குபவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்துபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் நிரலில் இது நடக்கிறதா என்பதை அறிய, எஸ்ட்ரேஸை ரீட், ரைட் இரண்டுக்கு மட்டும் இயக்கி, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் திரும்பிவந்த எண்ணைப் பாருங்கள். அது 1, 12, 40 என்று சிறிதாகவே வந்துகொண்டிருந்தால் பஃபர் எங்கோ இல்லாமல் போயிருக்கிறது என்று பொருள். சி மொழியின் நிலையான பிழை வெளியீட்டுக்கு இயல்பாகவே பஃபர் கிடையாது. லாக் செய்திகளை அதில் கொட்டும் நிரல்கள் இந்த வலையில் விழுகின்றன. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பஃபரைக் காலிசெய்யும் (ஃபிளஷ்) பழக்கமும் இதே விளைவைத் தரும்.

பிழைப் பத்தியைப் பலர் கவனிப்பதில்லை, அதில்தான் காரணம் பளிச்சென்று தெரியும் வாய்ப்பு அதிகம். ரீட் அழைப்பு மீண்டும் மீண்டும் ஈஅகெய்ன் (இப்போது தரவு இல்லை, பிறகு முயல்க) என்ற பிழையோடு திரும்பினால், தரவு வராத சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பின் முனை) நிரல் உறங்காமல் துளைத்துக்கொண்டிருக்கிறது. தரவு வந்ததா என்று கேட்கும் ‘போல்’ என்ற அழைப்பைக் காத்திருப்பு நேரம் பூஜ்யம் என்று கொடுத்து அழைப்பது இதன் உடன்பிறப்பு. க்ளோஸ் அழைப்பு இலட்சக்கணக்கில் ஈபேட்எஃப் (அந்தக் கோப்பு எண் திறந்திருக்கவில்லை) பிழையோடு வந்தால், புதிய பிராசஸைத் தொடங்குமுன் எல்லாக் கோப்பு எண்களையும் ஒன்று விடாமல் மூட முயலும் பழைய வழக்கம் அது. திறந்த கோப்புகளின் உச்சவரம்பு 1,024 ஆக இருந்தவரை அந்த வழக்கம் யாருக்கும் வலிக்கவில்லை. நிரல்களைத் தனிமைப்படுத்தி ஓட்டும் கன்டெய்னர் சூழல்களில் அந்த வரம்பு நூறு கோடியைத் தாண்டி வைக்கப்பட்டபோது, அதே பழைய நிரல்கள் தொடக்கத்திலேயே நிமிடக்கணக்கில் சிஸ்டம் நேரத்தைத் தின்னத் தொடங்கின. வரம்பைக் குறைப்பது உடனடித் தீர்வு, பல கோப்பு எண்களை ஒரே தடவையில் மூடும், லினக்ஸ் 5.9-இல் வந்த க்ளோஸ் ரேஞ்ச் அழைப்பைப் பயன்படுத்துவது முறையான தீர்வு.

நேரம் கேட்கும் க்ளாக் கெட்டைம் அழைப்பு அட்டவணையின் உச்சியில் இருந்தால், அது தனிக் குறி. லினக்ஸில் இது வழக்கமாக, கர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் இணைத்துவைக்கும் விடிஎஸ்ஓ என்ற சிறு லைப்ரரி வழியாகக் கர்னலுக்குள் நுழையாமலேயே முடிந்துவிடும். எஸ்ட்ரேஸின் கண்ணிலும் படாது. கண்ணில் படுகிறது என்றால், கணினி தன் நேர மூலத்தை மாற்றிக்கொண்டிருக்கக்கூடும். சிஸ் என்ற கோப்பு மரத்தில் (நேரக் கணக்கின் சிஸ் வரி அல்ல) க்ளாக்சோர்ஸ் அடைவுக்குள் தற்போதைய மூலம் எது என்று பாருங்கள். எக்ஸ்86 கணினியில் டிஎஸ்சி (சிபியுவுக்குள்ளேயே உள்ள எண்ணி) என்று இருக்க வேண்டிய இடத்தில் எச்பிஇடி (சிபியுவுக்கு வெளியே உள்ள கடிகாரம்) என்று இருந்தால், ஒவ்வொரு முறை நேரம் கேட்கும்போதும் மெதுவான வன்பொருளைத் தொட வேண்டியிருக்கிறது.

பூட்டு விடுபடும்வரை திரெட்டை உறங்கவைக்கும் ஃபியூடெக்ஸ் அழைப்பு மிகுந்திருந்தால், பகிர்ந்த தரவைக் காக்கும் அந்தப் பூட்டுக்காகத் திரெட்டுகள் மோதுகின்றன. பிட்ஸ்டாட்டின் டபிள்யூ ஆப்ஷன் தானாக விட்டுக்கொடுத்த கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சுகளையும் கட்டாயமாக விலக்கப்பட்டவற்றையும் பிரித்துக் காட்டும். முன்னது உயர்ந்திருந்தால் பூட்டின் கீழ் செய்யும் வேலையைச் சுருக்குங்கள். பின்னது உயர்ந்திருந்தால் கோர்களைவிடத் திரெட்டுகள் அதிகமா என்று பாருங்கள். நிரலில் எந்தக் குறையும் இல்லாமலே இது நிகழ்ந்ததும் உண்டு. 2012 ஜூன் 30 அன்று, உலக நேரத்தைச் சரிசெய்யும் கூடுதல் வினாடியான லீப் வினாடி சேர்க்கப்பட்டபோது, லினக்ஸ் கர்னலின் நேரக் கணக்கில் இருந்த ஒரு வழுவால், குறுகிய காலக்கெடுவோடு ஃபியூடெக்ஸில் காத்திருந்த ஜாவா நிரல்களும் மைஎஸ்க்யூஎல் சர்வர்களும் உடனுக்குடன் விழித்துச் சிபியுவை நிரப்பின. கணினியின் தேதியை மீண்டும் அமைத்ததும் அடங்கின.

ஷெல் ஸ்கிரிப்டுகள்

புதியவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். ஒரு கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் கட், செட், எக்ஸ்பிஆர் போன்ற கட்டளைகளை அழைக்கும் ஸ்கிரிப்டில், வரிக்கு இரண்டு மூன்று புதிய பிராசஸுகள் பிறந்து இறக்கின்றன. ஒவ்வொரு பிறப்புக்கும் கர்னல் தாய் பிராசஸின் நினைவக வரைபடத்தைப் படியெடுக்க வேண்டும், புதிய நிரலைக் கோப்பிலிருந்து ஏற்ற வேண்டும், லைப்ரரிகளை இணைக்க இடம் ஒதுக்க வேண்டும், முடிந்ததும் அனைத்தையும் கலைக்க வேண்டும். கட்டளை செய்யும் உண்மையான வேலை, ஐந்தாவது சொல்லை வெட்டி எடுப்பது போன்ற சிறு வேலை, இந்த ஏற்பாட்டின் முன் ஒன்றுமே இல்லை. எஸ்ட்ரேஸ் அட்டவணையில் க்ளோன், எக்செக்வீஇ, எம்மேப், வெயிட்4 ஆகியவை ஒன்றாக உயர்ந்து நிற்பது இதன் அடையாளம். ஒரு இலட்சம் வரி உள்ள கோப்பில் வரிக்கு மூன்று கட்டளைகள் என்றால் மூன்று இலட்சம் பிராசஸுகள். முழுக் கோப்பையும், உரையை வரி வரியாக அலசும் ஒரே ஆக் (awk) நிரலிடம் ஒப்படைத்தால் ஒரே பிராசஸ் போதும். அது முடியாத இடத்தில், ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் சர வெட்டும் வசதியைப் பயன்படுத்தினால் புதிய பிராசஸ் தேவைப்படாது.

அழைப்புகள் குறைவு, சிஸ்டம் நேரம் மட்டும் அதிகம்

அட்டவணை அமைதியாக இருந்தும் சிஸ் வரி பெரிதாக இருந்தால், பேஜ் ஃபால்ட்டைச் சந்தேகியுங்கள். நினைவகத்தைக் கேட்டதும் கர்னல் முகவரியை மட்டும்தான் ஒதுக்குகிறது. நிரல் ஒரு பக்கத்தை முதன்முதலில் தொடும்போதுதான் உண்மையான பக்கத்தை எடுத்து, பூஜ்யத்தால் நிரப்பித் தருகிறது. எக்ஸ்86 கணினியில் ஒரு பக்கம் 4,096 பைட். ஒரு ஜிபிபைட் (1,07,37,41,824 பைட்) நினைவகத்தை முதன்முறை தொட 2,62,144 பக்கங்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபால்ட் என்று வைத்துக்கொண்டால் செலவு விளங்கும். இவற்றில் ஒன்றுகூட எஸ்ட்ரேஸில் தெரியாது.

இதை எண்ண, ஷெல்லுக்குள் இருக்கும் டைமை விட்டுவிட்டு, யூஎஸ்ஆர் பின் அடைவில் உள்ள தனி டைம் நிரலை முழுப் பாதையுடன் அழையுங்கள். லினக்ஸில் வி ஆப்ஷனும், பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் எல் ஆப்ஷனும் ஃபால்ட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டும். மைனர் என்பது வட்டைத் தொடாமல் தீர்ந்தது, மேஜர் என்பது வட்டிலிருந்து படிக்க நேர்ந்தது. சிஸ்டம் நேரத்தை வீங்கவைப்பது பெரும்பாலும் மைனர் வகைதான்.

பெரிய வரிசையை (அரே) ஒவ்வொரு சுற்றிலும் ஒதுக்கி, நிரப்பி, விடுவிக்கும் நிரல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. லினக்ஸில் பரவலான சி லைப்ரரியான ஜிலிப்சி, ஓர் எல்லைக்கு மேற்பட்ட ஒதுக்கீடுகளை எம்மேப் வழியாக நேரடியாகக் கர்னலிடம் பெற்று, விடுவித்ததும் திருப்பித் தந்துவிடுகிறது. அந்த எல்லை 128 கிலோபைட்டில் தொடங்கி, பயன்பாட்டைப் பொறுத்து 64 பிட் கணினிகளில் 32 மெகாபைட் வரை தானாக உயரும். அதற்கும் மேற்பட்ட வரிசைகள் ஒவ்வொரு முறையும் புதிய பக்கங்களாகவே வந்து, ஒவ்வொரு முறையும் முழுச் செலவை வைக்கும். வரிசையை லூப்புக்கு வெளியே ஒரு முறை ஒதுக்கி, உள்ளே மறுபடி மறுபடி பயன்படுத்துவது எளிய, உறுதியான தீர்வு.

பெர்ஃப்: கர்னலுக்குள் எந்த இடம்

இதுவரை சொன்னவற்றில் விடை கிடைக்காவிட்டால், சிபியு எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்று மாதிரி எடுக்கும் பெர்ஃப் ரெக்கார்ட் கட்டளையை ஜி ஆப்ஷனுடன் சில வினாடிகள் இயக்கி, பெர்ஃப் ரிப்போர்ட்டில் பாருங்கள். ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டியிருக்கலாம். கர்னலின் எந்த ஃபங்ஷனில் சிபியு இருந்தது என்பதோடு, உங்கள் நிரலின் எந்த வரி அங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் அழைப்புச் சங்கிலியாகத் தெரியும். பெயர்கள் முதலில் மிரட்டினாலும், பெரும்பாலானவை தம் பணியைத் தாமே சொல்லிவிடும். கிளியர் பேஜ் என்று தொடங்குவது புதிய பக்கத்தைப் பூஜ்யமாக்குவது. காப்பி, யூசர் என்ற சொற்கள் சேர்ந்துவருவது தரவைக் கர்னலுக்கும் நிரலுக்கும் இடையே படியெடுப்பது. ஸ்பின் லாக் என்ற சொற்கள் வருவது கர்னலின் சொந்தப் பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருப்பது. கம்பாக்ட் என்று தொடங்குவது பெரிய பக்கங்களுக்காக நினைவகத்தை நெருக்கி அடுக்குவது.

முன்னே ஒத்திவைத்த கர்னல் திரெட்டுகளையும் இங்கேயே முடித்துவிடலாம். கேஸ்வாப்டி முன்னணியில் இருந்தால் நினைவகம் பற்றாமல் கர்னல் பக்கங்களை மீட்க அலைகிறது. நினைவகத் தேவையைக் குறைப்பதோ நினைவகத்தைக் கூட்டுவதோதான் உதவும். கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்றால் பெரும்பாலும் நெட்வொர்க் பொட்டலங்களின் சுமை. எம்பிஸ்டாட் கொண்டு அது ஒரே கோரில் குவிகிறதா என்று பாருங்கள்.

நிரல் மாறாமலே, கர்னலைப் புதுப்பித்த பின் சிஸ்டம் நேரம் உயர்ந்ததாகச் சிலர் காண்பது உண்மைதான். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்புக் குறைபாட்டுக்காகச் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு, பாதிக்கப்பட்ட சிபியுக்களில் ஒவ்வொரு முறை கர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பக்க அட்டவணையை (நினைவக முகவரிகளின் வரைபடம்) மாற்றவைக்கிறது. அந்தப் பாதுகாப்பை வேகத்துக்காக அணைக்கும் ஆலோசனையை, பிறர் தரவைத் தாங்கும் எந்தக் கணினியிலும் ஏற்காதீர்கள். அழைப்புகளைக் குறைத்தால் இந்தச் சுமையும் அதே விகிதத்தில் குறையும்.

திருத்தியபின் அளப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே தரவோடு மீண்டும் அளந்து பாருங்கள். முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து வந்த கோப்பு இரண்டாம் ஓட்டத்தில் நினைவகத்திலிருந்தே வந்துவிடும் என்பதால், ஒப்பிடுமுன் சில முறை இயக்கி நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். ரியல் எண் மற்ற நிரல்களின் இடையூறால் ஆடும்; சிஸ் எண்ணையும் அழைப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவதே பாதுகாப்பானது. எண்ணிக்கை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தும் சிஸ் எண் அசையவில்லை என்றால், நீங்கள் திருத்தியது காரணமான அழைப்பை அல்ல, அட்டவணைக்குத் திரும்புங்கள்.

அழைப்புகள் சில நூறாகச் சுருங்கி, ஒவ்வொன்றும் பெரிய துண்டை நகர்த்தி, பெர்ஃப் அறிக்கையிலும் படியெடுக்கும் ஃபங்ஷனே மேலே நின்றால், மீதமிருக்கும் சிஸ்டம் நேரம் அந்த வேலையின் நியாயமான கூலி. அதையும் குறைக்க விரும்பினால், தரவை நிரலுக்குள் கொண்டுவராமலே ஒரு கோப்பிலிருந்து சாக்கெட்டுக்கு அனுப்பும் சென்ட்ஃபைல், கோப்பிலிருந்து கோப்புக்கு நகர்த்தும் காப்பி ஃபைல் ரேஞ்ச் ஆகிய அழைப்புகளை லினக்ஸில் முயன்று பார்க்கலாம்.